மாஸ்டர் சொன்ன இடம்

மாஸ்டருடைய காரில் இரண்டு பிரேக் உண்டு. டிரைவிங் ஸ்கூல் கார் அப்படித்தான் இருக்கும். ஓட்டிப் பழகுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் காலடியில் ஒன்று. நானும் ஜெயராஜும் அவரிடம் பழகி லைசென்ஸ் வாங்கிப் பல வருடங்கள் ஆன பின்னும், கடலுக்குத் தூண்டில் போடக் கிளம்பும் நாட்களில் எங்களில் ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டு அவர் இடதுபக்கம் ஏறிக்கொள்வார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். வெறுங்காலைப் பிரேக்கின் மேல் லேசாக வைத்துக்கொள்வார். ராஜபாளையத்தில் வைத்த காலை வேம்பார் போய்த்தான் எடுப்பார்.

“எங்க மேல நம்பிக்கையே கெடயாதா மாஸ்டர்?” என்று ஜெயராஜ் ஒருமுறை கேட்டேவிட்டான்.

“ஒம் மேல இருக்குலே. ஒங் கண்ணு மேல இல்ல. நேத்து மில்லுல நைட் ஷிப்டு பாத்த கண்ணு அது.”

சொன்னது சரிதான். ஜெயராஜ் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலெக்ட்ரீசியன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில் வீடு. எனக்கும் அதே ஊர்; பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஓட்டக் கற்றுக்கொள்ளப் போன இடத்தில் எங்கள் இருவரையும் மீன்பிடிப் பைத்தியம் பிடிக்க வைத்தவர் மாஸ்டர். அதுவரை கண்மாயில் கெண்டை பிடித்துக்கொண்டிருந்த எங்களுக்கு ராடும் ரீலும் வாங்கவைத்து, கடலில் ஈயக்குண்டை வீசக் கற்றுக்கொடுத்தார்.

ஒல்லியான மனிதர். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் வரை போட்டிருப்பார். காரில் அவர் பக்கம் தனியாக ஒரு கண்ணாடி மாட்டியிருந்தார். பின்சீட்டில் இருப்பவன் கொட்டாவி விட்டாலும் அதில் தெரியும். எங்களோடு பேசும்போது எங்களைப் பார்க்க மாட்டார், கண்ணாடியில் இருக்கும் எங்களைப் பார்த்துத்தான் பேசுவார்.

முதல் வகுப்பில் எல்லோருக்கும் சொல்வதையே எனக்கும் சொன்னார். அப்போது நாங்கள் அய்யனார் கோவில் ரோட்டில் இருந்தோம். நான் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்திருந்தேன்.

“எதுக்க வாரவனுக்குக் கண்ணு தெரியாதுன்னு நெனச்சுக்க. பின்னால வாரவன் ஒனக்குப் பகையாளின்னு நெனச்சுக்க. நிக்கிற மாடு எப்பவும் ஓடப்போற மாடுதான். அப்பத்தான் வீடு போய்ச் சேருவ.”

அதை அவர் ரோட்டோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வீட்டில் அவர்கள் தெலுங்கு பேசுவார்கள். நாங்கள் போனால் தமிழ். ஆனால் எங்களைப் பார்த்தபடியே மனைவியிடம் திடீரென்று தெலுங்கில் ஏதோ கேட்பார், அந்த அம்மாவும் எங்களை ஒருதரம் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார்கள். காபிக்குச் சர்க்கரை போடலாமா என்றுகூட இருக்கலாம். ஜெயராஜ் மட்டும் வெளியே வந்ததும், “நம்மளப் பத்தித்தான்டா பேசினாவ” என்று அடித்துச் சொல்வான்.

பயணத் திட்டத்தைக் காகிதத்தில் எழுத மாட்டார். வாட்ஸப்பில் போட மாட்டார். “எழுதினா எவனாச்சும் படிப்பான்.” ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு வாயால் சொல்வார். சிவகாசியில் ஐஸ்கட்டி. சாத்தூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் டயரைத் தொட்டுப் பார்க்க ஒரு நிறுத்தம். எட்டயபுரத்தில் டீ. விளாத்திகுளத்தில் மறுபடி டயர். வேம்பாரில் தூண்டில் இரைக்கு இறால். இருட்டில் கிளம்பவே மாட்டார். இருட்டில் ரோட்டில் வருகிறவர்களில் பாதிப்பேர் தூங்கிக்கொண்டே வருகிறார்கள் என்பது அவர் கட்சி. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு மாற்று நிறுத்தம் இருக்கும்.

“அந்த டீக்கட பூட்டிக் கெடந்தா?” என்பார்.

“ஞாயித்துக்கெழம பூட்ட மாட்டாங்க மாஸ்டர்.”

“அதாம்லே எனக்குச் சந்தேகம். ஞாயித்துக்கெழம கூடப் பூட்டாதவன் எதுக்கு அம்புட்டு அவசரப்படுதான்? நேத்துப் பால விக்கணும்னுதானே?”

இறால் வாங்கும்போது ஒவ்வொன்றாக முகர்ந்து பார்ப்பார். பெட்ரோல் பங்கில் இறங்கிப் போய் மீட்டரின் முன்னால் நின்றுகொள்வார். கூகுள் மேப்பில் ஒரு பெண் குரல் வழி சொன்னால், “இவ இந்த ஊர்க்காரி இல்ல, இவளுக்கென்ன தெரியும்” என்று வாயை அடைத்துவிடுவார்.

எல்லாவற்றுக்கும் மேலே, நாங்கள் போவதற்கு முந்தின வாரம், வேலை நாளொன்றில் அவர் மட்டும் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரமும் போய் வருவார். டீக்கடையில் உட்கார்ந்து, கக்கூஸில் தண்ணீர் வருகிறதா என்பதில் தொடங்கி, கடற்கரையில் எந்தப் பக்கம் பாறை, எம்புட்டு ஆழம், எந்த ஊர்க்காரன் அங்கே வருகிறான், பழக்கம் எப்படி என்பது வரை விசாரித்துவிட்டு வருவார். கண்ணால் பார்க்காத இடத்தில் எங்களை இறக்கிவிட அவருக்கு மனசு வராது.

அப்படித்தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். அதன் பெயரை எழுத இப்போதும் எனக்குக் கை வரவில்லை. வேம்பாருக்கு அப்பால், கடலோரச் சாலையிலிருந்து மணலில் நடந்து போனால் ஒரு சின்னக் குப்பம். அதன் ஓரத்தில், கடல் அரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டிக் கட்டிய ஒரு தூண்டில் வளைவு, பாதி இடிந்து கடலுக்குள் நீண்டு கிடக்கும். அதன் நுனியில் நின்று வீசினால் பாறைமீனும் ஊளிமீனும் கொத்தும். வேறு ஆள் யாரும் வர மாட்டார்கள்.

ஒருமுறை மதியம் போய்ச் சேர்ந்தோம். காற்று இல்லை. கடல் எண்ணெய் தடவிய மாதிரி கிடந்தது. ஜெயராஜ் வாளியைக் கொண்டுபோய் நுனியில் வைத்துவிட்டு ராடை எடுக்கத் திரும்பி வந்தான். மாஸ்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“போகாத. உக்காரு.”

“கடல் சும்மாதானே கெடக்கு மாஸ்டர்?”

“எதுக்குலே சும்மா கெடக்கு? அந்தப் பொம்பளையப் பாரு.”

கருவாடு காயப்போட்டிருந்த ஒரு பெண், காய்ந்தது காயாதது எல்லாவற்றையும் சேர்த்து அள்ளி, பாயை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் சலித்துப்போய் மணலில் உட்கார்ந்தோம். செத்த நேரம்தான். கடல் சத்தம் போடாமல் எழும்பியது. அலை மாதிரி உடையவில்லை, மொத்தமாக உயர்ந்து அந்தக் கல்வரிசையின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கியது. கள்ளக்கடல் என்று அந்தப் பெண் மேட்டிலிருந்து கத்தினாள். தண்ணீர் வடிந்தபோது வாளி இல்லை. வாளி வைத்த கல்லும் புரண்டு கிடந்தது.

மாஸ்டர், “நான் சொன்னேன்லா” என்றுகூடச் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் ஜெயராஜ்தான் பேசிக்கொண்டே வந்தான். அதன்பின் சர்ச் முடிந்து வரும் ஞாயிறுகளில் மாஸ்டருக்குப் போன் போடுவது அவனுக்கு வழக்கமாயிற்று. கிறிஸ்துமஸுக்கு முதல் கேக் அவர் வீட்டுக்குத்தான் போகும். “எம் பிள்ளைக தகப்பனோட இருக்கது அவிய சந்தேகத்தாலதான்” என்று மில்லில் எல்லோரிடமும் சொல்வான்.

சில மாதம் கழித்து அந்த இடம் யூடியூபில் வந்தது.

தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒரு பையன் அதே கல்வரிசையில் நின்று, “நண்பர்களே, இதுதான் நம்ம சீக்ரெட் ஸ்பாட்” என்று கையை விரித்தான். அடுத்த முறை நாங்கள் போனபோது கல் தெரியாத அளவுக்கு ஆட்கள். பாட்டில் உடைந்து கிடந்தது. குப்பத்து ஆட்கள் எங்களையும் சேர்த்துத் திட்டினார்கள். மாஸ்டர் ராடை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. திரும்பும்போது கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொண்டார். நான் தலையைத் தூக்கும்போதெல்லாம் அதில் அவர் கண் இருந்தது.

கொஞ்ச நாளில் எனக்குப் போன் வந்தது.

“புதுசா ஒரு எடம் பாத்திருக்கேன். தருவைகுளத்துக்கு வடக்க. ஜெயராஜுக்குக்கூடச் சொல்லல. ஒன்னோட இருக்கட்டும்.”

எனக்குப் பெருமையாக இருந்தது. ஜெயராஜுக்கும் அதே வாரம் அப்படியொரு போன் போயிருக்கிறது. அவனுக்குச் சொன்னது வேறு இடம். இரண்டுமே மாஸ்டர் எங்களுக்கு வைத்த பொறி. இரண்டு இடத்திலும் மீன் கிடைக்கும் என்று அவர் நம்பவில்லை. எது வெளியே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயராஜுக்குச் சொன்ன இடம் வெளியே வந்தது. அதே தொப்பிக்காரப் பையன், கையில் முழங்கை நீள ஊளியோடு.

அடுத்த பயணத்தில் ஜெயராஜ்தான் ஓட்டினான். எட்டயபுரத்தில் டீ குடித்தோம். அதைத் தாண்டி, இரண்டு பக்கமும் கரிசல்காடும் சீமைக்கருவேலமும் மட்டும் இருக்கும் ரோட்டில், மாஸ்டர் தன் காலடியிலிருந்த பிரேக்கை அழுத்தினார். முன்னால் மாடும் இல்லை, வண்டியும் இல்லை. அவர் திட்டத்தில் இல்லாமல் நாங்கள் நின்ற ஒரே இடம் அதுதான்.

போனை எடுத்து ஜெயராஜிடம் நீட்டினார். “இது எந்த எடம்?”

அவன் பார்த்தான். “நீங்க எனக்குச் சொன்ன எடம் மாதிரி இருக்கு.”

“ஒனக்கு மட்டும் சொன்ன எடம்.”

நான் பின்சீட்டிலிருந்து, “எனக்கு வேற எடம்லா சொன்னீங்க” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே விஷயம் விளங்கியது. ஜெயராஜுக்கும் விளங்கிவிட்டது.

“மாஸ்டர், நான் யார்கிட்டப் போய்ச் சொல்ல? எம் மச்சினன்மாரு வேம்பார்ல வலை போடுதவங்க. தூண்டில் போடுத எடத்தப் போய் அவங்ககிட்டச் சொன்னா சிரிப்பாங்க.”

“நான் ஒன்னயச் சொல்லல. கேக்கேன்.”

“இப்பிடிக் கேக்கிறதுக்கு, நீதான்னே சொல்லிருக்கலாம்.”

ஜெயராஜ் வண்டியை ஓரம்கட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவந்தான். ஹேண்ட் பிரேக் போட்டான். பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தான். எல்லாம் மாஸ்டர் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே. பிறகு வந்த வழியே நடக்கத் தொடங்கினான். நான் பின்னாலேயே ஓடினேன்.

“நீ போ. அவியளத் தனியா ஓட்ட விடாத. சாயங்காலம் எதுக்க லைட் அடிச்சா அவியளுக்குக் கண்ணு கூசும்” என்றான். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

அதன்பின் நானும் மாஸ்டரும் சில முறை போனோம். அப்போது அவர் முழுத் திட்டத்தையும் எனக்குச் சொல்வதில்லை. அடுத்து எங்கே நிற்கப்போகிறோம் என்பதை இந்த நிறுத்தத்தில் வைத்துத்தான் சொல்வார். சாத்தூரில் எட்டயபுரம் தெரியும், எட்டயபுரத்தில் விளாத்திகுளம் தெரியும். கடலைப் பார்க்கும் வரை எந்தக் கடற்கரை என்று தெரியாமல் ஓட்டிக்கொண்டு போவேன். மீன் கிடைக்கும். ஆனால் இரண்டு பேரும் பேச ஒன்றும் இருக்காது.

ஜெயராஜ் வீட்டுக்குப் போனேன். ராடைப் பரண்மேல் போட்டுவிட்டிருந்தான்.

“அவிய மேல கோவம்லாம் இல்லடா. ஆனா ஒண்ணு. இப்ப எனக்கே எம் மேல சந்தேகமா இருக்கு. மில்லுல டீ குடிக்கும்போது எவன்கிட்டயாச்சும் ஒளறிட்டனோ? மச்சினன் கல்யாணத்துல வாய விட்டுட்டனோ? யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், சொன்ன மாரியும் இருக்கு, சொல்லாத மாரியும் இருக்கு.”

அவன் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “தூக்கத்துல எந்திரிச்சு, நான் யார்கிட்டயும் சொல்லலன்னு பொலம்புதாவண்ணே” என்றார்.

ஒருநாள் என் கடைக்குக் கிருஷ்ணன்கோவில் காலேஜ் பையன் ஒருவன் வந்தான். போனில் உப்புத்தண்ணீர் ஏறியிருந்தது. கழற்றினால் உள்ளே மணல். எங்கே விழுந்தது என்று கேட்டேன். தூண்டில் போடும்போது என்றான். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் ரொம்பச் சின்ன முகமாக இருந்தான்.

“இந்த எடமெல்லாம் ஒங்களுக்கு யாரு தம்பி சொல்றது?”

அவன் உற்சாகமாகிவிட்டான். “யாரும் சொல்றதில்லண்ணே. ராஜபாளையம் டிரைவிங் ஸ்கூல் கார் ஒண்ணு அந்தப் பக்கம் வரும். மேல மஞ்சள் போர்டு இருக்கும். ஒரு அங்கிள் தனியா வந்து டீக்கடையில எல்லாத்தையும் கேப்பாரு. எங்க பாறை, எம்புட்டு ஆழம், யாரு வாரான்னு. அவரு போனப்பொறவு ஒரு வாரத்துக்குக் கடையில அதே பேச்சுதான். நாங்க போயி, அந்த டிரைவிங் ஸ்கூல் அங்கிள் எந்தப் பக்கம் கேட்டாருன்னு மட்டும் கேப்போம். அவரு விசாரிச்ச எடத்துல மீன் இல்லாம இருக்காதுண்ணே. எங்களுக்கு அவரு குரு மாதிரி.”

கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டேன். பொறிக்காகச் சொன்ன பொய்யான இடத்தைக்கூட நேரில் போய்ப் பார்க்காமல் சொல்ல அவருக்குத் தெரியாது. எனக்குச் சொன்ன இடம், இந்தப் பையன்கள் அவரைக் கவனிக்கத் தொடங்கும் முன்பே அவர் பார்த்து வைத்திருந்தது. ஜெயராஜுக்குச் சொன்னதற்காகத்தான் அந்த வாரம் போய் விசாரித்திருக்கிறார்.

அன்றைக்கே பஸ் ஏறி ராஜபாளையம் போய்ச் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “அவன் எதுக்கு ஒங் கடைக்கு வாரான்? சிவகாசியில கட இல்லையா?” என்றார்.

“போன் ரிப்பேருக்கு வந்தான் மாஸ்டர்.”

“ஜெயராஜ் அனுப்பி வச்சானா?”

உள்ளேயிருந்து அந்த அம்மா தெலுங்கில் ஏதோ சொன்னார்கள். நீளமாக, கோபமாக. மாஸ்டர் எழுந்து வாசலில் நின்ற காரைப் போய்ப் பார்த்தார். மஞ்சள் போர்டைச் சுற்றி வந்து பார்த்தார். பள்ளியின் பெயர், ஊர் பெயர், போன் நம்பர், எல்லாம் தெருமுக்கு வரை தெரியும்படி பெரிய எழுத்தில் இருந்தன. அப்புறம் அங்கேயே, காருக்கும் சுவருக்கும் நடுவில் ரொம்ப நேரம் நின்றார். நான் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு, சர்ச் முடிந்து வரும் நேரம் பார்த்து, மாஸ்டர் மடவார் வளாகத்துக்குப் போயிருக்கிறார். காரில் இல்லை, பஸ்ஸில். நான் அங்கே இல்லை. ஜெயராஜ் பிறகு சொன்னதுதான்.

“உள்ள வாங்கன்னேன். வாசல்லயே நின்னாவ. மன்னிச்சுக்கன்னோ தப்புன்னோ ஒண்ணும் சொல்லல. ஒங்கிட்ட ஒரு எடம் சொல்லணும்னாவ. வீட்டுக்காரிய உள்ள போகச் சொல்லிட்டு எங் காதுகிட்ட வந்து சொன்னாவ. ஒனக்கு மட்டும்தான், அவன்கிட்டச் சொல்லாதன்னாவ.”

அந்த ‘அவன்’ நான்தான்.

“டீயாச்சும் குடிச்சாவளா?”

“குடிச்சாவ. என்ன பாலுன்னு கேக்கல.”

ஆனாலும் ஜெயராஜ் அவரோடு மறுபடி காரில் ஏறவில்லை. மாஸ்டரும் கூப்பிடவில்லை. எனக்கும் போன் வருவது நின்றது. ரோட்டில் பார்த்தால் நிறுத்திப் பேசுவார். கடல் பேச்சை எடுக்க மாட்டார்.

போன வருடம் மாஸ்டர் இறந்துபோனார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதும் டிரைவரிடம், பார்த்து, பார்த்து என்று சொல்லிக்கொண்டே போனாராம். வீட்டு வாசலில் பந்தலுக்குக் கீழே நானும் ஜெயராஜும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அவரிடம் ஓட்டக் கற்றவர்கள் தெரு முழுக்க நின்றார்கள்.

“அவிய சொன்ன எடத்துக்குப் போனியா?” என்று கேட்டேன். இத்தனை நாளும் கேட்காமலிருந்தது.

“போனேன்.”

“மீன்?”

“ஒண்ணும் கெடயாது. கொஞ்ச நாள் விட்டு மறுபடியும் போய்ப் பாத்தேன். வெறும் பாசி.”

“அப்ப அதுவும்...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன். சாவு வீட்டில் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

“இருக்கும். மறுக்காச் சோதிச்சும் பாத்திருக்கலாம். யாரு கண்டா.”

“எந்த எடம்டா அது?”

“அத எப்பிடிச் சொல்ல?”

“மீனே இல்லாத எடத்துல என்னடா ரகசியம்?”

“நம்பிச் சொன்னாவல்லா” என்றான். உள்ளேயிருந்து அழுகை கூடியது. தூக்க ஆள் கூப்பிட்டார்கள். ஜெயராஜ் எழுந்து போய்த் தோள் கொடுத்தான்.

அதற்குப் பிறகு சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயராஜின் போன் கிடைக்காது. எங்கே போனாய் என்று கேட்டால், மில்லில் வேலை என்பான். முகம் வெயிலில் கறுத்திருக்கும். போன மாதம் ஏதோ காரியமாக மடவார் வளாகம் போனபோது சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று இலை போட்டுவிட்டார்கள். ஊளிமீன் குழம்பு.

“மார்க்கெட்டுல வாங்குனது” என்றான், நான் கேட்பதற்கு முன்பே. அவன் மனைவி சட்டென்று அடுப்பங்கரைக்குள் போய்விட்டார்.

ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தேன். நாள்கணக்கில் ஐஸில் கிடந்து மார்க்கெட்டுக்கு வந்த மீன் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்; இது அது இல்லை. ஜெயராஜ் என் முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன்.